ஒர்வாக் பேரரசில் நான் சொல்லாமல் விட்டது

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

மறுபடியும் தோற்றேன். பகடையில் ஒரு ஆறு விழுந்திருந்தால் போதும். விழுந்தது இரண்டு. பேரரசன் எல்வின் எழுந்து, நாலு கை இருப்பதுபோல் தோளை அகட்டிக்கொண்டு, "குழிய மூடுங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஒர்வாக் பேரரசில் அரியணைக்கு ஒரே வழிதான். உட்கார்ந்திருப்பவரோடு குழிக்குள் இறங்கிச் சண்டை போட்டு வீழ்த்த வேண்டும். பிள்ளைக்கு உரிமை இல்லை, தம்பிக்கு இல்லை, ஓட்டுப் போடுவது என்ற பேச்சே இல்லை. நாலு கையும் இரண்டு இதயமும் உள்ள ஜாதிக்கு அதுதான் சரி என்று இந்தச் சட்டத்தை எழுதியவள் நான். பதினொரு வருடமாக அதே சட்டத்தால் அடிவாங்குகிறவளும் நான்.

தொழிற்சாலை பஸ்ஸில் தூக்கம் வராமல் இருக்க எல்வினும் நானும் கற்பனை செய்ய ஆரம்பித்தது இது. பிறகு அவன் பாலம் தாண்டி தினமும் சிங்கப்பூர் போய்வரும் வேலைக்கு மாறிவிட்டான், நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கு அலுவலகத்துக்கு. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. பதினொரு வருடமாக, பாலத்துக்கு இந்தப் பக்கம் கெலாங் பாத்தாவில் தீபனின் பேனர் கடை மாடியில், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. தீபன், ரூபினி, அவள் புருஷன் செல்வா, எல்வின், நான். ஏழு கோள்களின் வரைபடத்தைத் தீபனே பேனர் துணியில் அடித்துக் கொடுத்தான். பேரரசருக்கு அவன் கடைச் சுழல் நாற்காலி. மற்றவர்களுக்கு பிளாஸ்டிக் முக்காலி.

அலுவலகத்தில் பதினாறு வருடமாக ஒரே நாற்காலி. இங்கே பதினொரு வருடமாக ஒரே முக்காலி. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் இன்று உண்மையாகவே வலித்தது.

பிப்ரவரி 13, வியாழன்

எல்வின் டீக்கடையில் காத்திருந்தான். மழைச்சட்டையைக் கூடக் கழற்றவில்லை. தே தாரிக் ஆறிக் கிடந்தது.

"அபிகெயில படுக்கையிலயே இருக்கச் சொல்லிட்டாங்க லோஷினி. நாலாவது மாசம். முன்ன ரெண்டு தடவ என்ன ஆச்சுன்னு ஒனக்குத் தெரியும். இந்தத் தடவ யாருக்கும் சொல்லக் கூடாதுங்கறா. பாலம் தாண்டி வந்தா நேரா ஆஸ்பத்திரி, அங்கருந்து வீடு. ஞாயித்துக்கெழம வர முடியாது."

அவன் மனைவி அந்த இரண்டு தடவையும் பட்டது எனக்குத் தெரியும். அவன் மழைச்சட்டையில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டேன்.

"காரணம் சொல்லாத. பெரட்டுல வர முடியலன்னு மட்டும் சொல்லு. பேரு இருக்கட்டும்."

"சொல்லிர்றேன் லா, நீ கெளம்பு" என்றேன்.

பெரட்டு என்பதும் எங்கள் சட்டம்தான். ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதே பெரட்டு. என் அப்பாவும் எல்வினின் அப்பாவும் வேறு வேறு தோட்டத்தில் அப்படி நின்றவர்கள். ஒர்வாக்கில் ஆட்டம் தொடங்கும் முன் பேரரசரும் வரிசையில் நின்று "இருக்கேன்" சொல்ல வேண்டும். வராதவருக்காக வரிசையில் ஒரு ஆள் "வர முடியல, பேரு இருக்கட்டும்" என்றால் போதும். யாரும் வாய் திறக்காமல் தொடர்ந்து மூன்று பெரட்டு போனால் அந்த ஆள் செத்ததாக அர்த்தம். பேரரசர் என்றாலும் அப்படித்தான். அப்போது மட்டும் குழிச் சண்டை இல்லாமலே பெரட்டில் அடுத்த பெயர் அரியணை ஏறும்.

அடுத்த பெயர் நான். இதை எழுதும்போது ஏன் எனக்கு இப்படி இருக்கிறது?

பிப்ரவரி 16, ஞாயிறு

பேர் கூப்பிட்டார்கள். "எல்வின்." யாரும் பேசவில்லை. நான் சொல்லத்தான் நினைத்தேன். செல்வா அப்போதுதான் கடையில் கட்டி வாங்கிய தாப்பாவ் பொட்டலத்தைப் பிரித்தான், சம்பல் எண்ணெய் வரைபடத்தில் சிந்தியது, எல்லாரும் துடைக்க ஓடினார்கள். அதோடு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

ஒரு தடவைதானே. அடுத்த தடவை சொல்லிவிடலாம்.

மார்ச் 2, ஞாயிறு

இன்று சம்பல் சிந்தவில்லை.

தீபன் என்னைப் பார்த்தே கேட்டான். "எல்வின் எங்க? மெசேஜ் போட்டேன், பாக்கவே இல்ல."

"தெரியலயே. ஓவர்டைமோ என்னமோ."

என் வாயிலிருந்துதான் வந்தது. இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன், மறுபடியும் கழுவினேன். எல்வினைப் போனில் கூப்பிட்டு அபிகெயில் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "அப்படியே இருக்கா. அது போதும்" என்றான். பிறகு, "சொன்னியா?" என்றான்.

"சொன்னேன்" என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

நான் பேரரசி.

எப்படி நடந்தது என்று எழுதிவிடுகிறேன், பிறகு எனக்கு நானே வேறு கதை சொல்லிக்கொள்ளக் கூடாது. தீபன் பேர் கூப்பிட்டான். எல்வின். அமைதி. ரூபினி, "அக்கா, இது மூணாவது இல்ல?" என்றாள். சட்டம் காப்பவள் நான் என்பதால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வரைபடத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். இரண்டு மூச்சு விடும் நேரம் அப்படியே நின்றேன். பிறகு, "ஆமா, மூணு ஆச்சு" என்றேன்.

செல்வா மேசையைத் தட்டினான். தீபன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டான். சக்கரம் கிறீச்சிட்டது. "கத்தி எடுக்காம பேரரசர சாச்ச மொத ஆளு நீதான்" என்றான் தீபன். பாராட்டாகத்தான் சொன்னான்.

உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஏழு கோளும் நேராகத் தெரிகின்றன. முக்காலியிலிருந்து எனக்கு எப்போதும் ஐந்துதான் தெரியும்.

மார்ச் 17, திங்கள்

விளையாட்டுதான். விளையாட்டுதான். விளையாட்டுதான்.

மார்ச் 30, ஞாயிறு

நாளை நோன்புப் பெருநாள். கடைத்தெருவில் ஜாம். மாடியில் என் முதல் ஆட்சிக் கூட்டம்.

மூன்று ஆணை பிறப்பித்தேன். ஒன்று, குழிச் சண்டை இனி இல்லை. இரண்டு, அடுத்த பேரரசரை இருக்கும் பேரரசரே பெயர் சொல்லி நியமிப்பார். மூன்று, பெரட்டு ரத்து.

முதல் இரண்டுக்கும் முணுமுணுத்தார்கள். மூன்றாவதுக்கு ரூபினி எழுந்தே விட்டாள். ஒர்வாக்கின் மூன்று குலங்களில் கொல்லர் குலத்துக்கு அவள் தலைவி. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். "பெரட்டு இல்லன்னா யாரு இருக்கா, யாரு இல்லன்னு எப்படிக்கா தெரியும்? நீங்க எழுதுனதுலயே நல்ல சட்டம் அதுதானே."

"பேரரசு வளந்துருச்சு. தோட்டத்துப் பழக்கம்லாம் எதுக்கு?" என்றேன். என்ன பேச்சு. அப்பா இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார்.

உண்மை என்ன? எல்வின் திரும்பி வந்து வரிசையில் நின்றால், அவன் பெயரைக் கூப்பிட வேண்டியிருக்கும். கூப்பிடாமல் இருக்கத்தான் பெரட்டையே எடுத்தேன். திருடியது போதாதென்று கதவையும் பூட்டுகிறேன். இரண்டே வாரத்தில் நான் எவ்வளவு நல்ல சர்வாதிகாரி ஆகிவிட்டேன் பார்.

எல்வின் இரண்டு வாரமாகப் போனில் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

எல்வின் வந்தான்.

குருத்தோலை ஞாயிறு. கோவிலிலிருந்து நேராக வந்திருக்கிறான். சட்டைப் பையில் ஓலைச் சிலுவை செருகியிருந்தது. மெலிந்திருந்தான். படியேறி வந்ததும் வழக்கம்போல் நாற்காலிப் பக்கம் வந்தான், நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நின்றான்.

தீபன்தான் சந்தோஷமாகக் கத்தினான். "அலமாக், பேரரசரே. நீங்க செத்துட்டீங்க. மூணு பெரட்டு. எங்க ராணி நாட்ட எடுத்துக்கிட்டாங்க."

செல்வா கைதட்டினான். எல்வின் சிரிக்க முயன்றதை நான் பார்த்தேன். வாய் பாதியில் நின்றுவிட்டது.

"செத்துட்டனா" என்றான். பிறகு, "யாரும் ஒண்ணும் சொல்லலயா?"

"யாருக்கு என்ன தெரியும்? நீங்கதான் ஆளையே காணோம்" என்றாள் ரூபினி.

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கு வாத்தியார் தப்புப் போட்டதைப் பார்க்கும் பையன்போல் அவன் பார்த்தான், நான் எங்கே தவறினேன் என்று அவனே தேடுவதுபோல். நான் எழுந்திருக்கவில்லை. ஏன்டி எழுந்திருக்கல? கால் வரல. அதுதான் உண்மை.

"சரி லா. நாட்ட நல்லா ஆளு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று சித்திரை ஒன்று. கோவிலில் கண்ணை மூடினால் சுழல் நாற்காலிதான் தெரிந்தது.

இன்று அபிகெயிலுக்கு, எப்படி இருக்கிறாய் என்று மெசேஜ் போட்டேன். பதில் வந்தது. "போச்சு லோஷினி. போன மாசக் கடைசில."

போன மாதக் கடைசியில் நான் ஆணை பிறப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

வேலைக்கு லீவு போட்டுவிட்டு அபிகெயில் வீட்டுக்குப் போனேன். தோழிக்கு உடம்பு சரியில்லை என்றதும் அம்மா மிளகு தூக்கலாகக் கோழி ரசம் வைத்துக் கொடுத்தார். அபிகெயில் கிண்ணத்தைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சிரித்தாள். "இன்னிக்கிப் பெரிய வெள்ளி. நாளைக்கி வெச்சுக்கறேன்." கறி தொடாத பெரிய வெள்ளியன்று ஒரு கத்தோலிக்க வீட்டுக்குக் கோழியோடு போன ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். அவள் சிரித்தது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

எல்வின் கோவிலுக்குப் போயிருந்தான். அறையில் துவைத்து மடித்த துணிகள் கட்டிலின் ஒரு ஓரமாக இருந்தன. எல்லாம் பெரியவர்கள் துணிதான்.

"பொண்ணு. பேரு கூட வெச்சிட்டோம்" என்றாள். "மிரியம். வேற யார்கிட்டயும் சொல்லல. எங்க அம்மாவுக்கே தெரியாது. ஒரு தடவ வெளில சொல்லிப் பாக்கணும்போல இருந்துச்சு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரு அழவே இல்ல லோஷினி. வேலைக்குப் போறாரு, வர்றாரு. நான்தான் போன ஞாயித்துக்கெழம தள்ளிவிட்டேன். போய் ஒங்க கூட்டத்தப் பாருங்க, லோஷினி ஒங்க எடத்த வெச்சிருப்பான்னு. சீக்கிரமே திரும்பி வந்துட்டாரு. ஆட்டம் இல்லன்னு சொன்னாரு. இல்லயா?"

ஆட்டம் இல்லை என்று தலையாட்டினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டே அவளிடமும் பொய் சொன்னேன். அவன் எனக்காகச் சொன்ன பொய்யை நான் முடித்து வைத்தேன். இதைவிடக் கீழே போக இடமில்லை என்று நினைக்கிறேன். இருந்தால் அங்கேயும் போயிருப்பேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

எல்வினுக்கு எழுதினேன்: நான் யாரிடமும் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. நாற்காலிக்காக.

படித்துவிட்டான் என்று இரண்டு நீல டிக் வந்தது. பதில் இல்லை.

அம்மா பாத்திரம் கேட்டார். மறந்து வந்துவிட்டேன் என்றேன். பிறகு என்னவோ தோன்றி, "தோட்டத்துல பெரட்டுக்கு வராத ஆளுக்கு யாரும்மா சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரிதான். வேற யாரு? அவளுக்குத்தானே தெரியும்" என்றார் கத்திரிக்காயை நறுக்கிக்கொண்டே.

ஏப்ரல் 27, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். எல்வின் முதலிலேயே வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். பெரட்டில் சொல்லச் சொன்னான். நான் மூன்று தடவையும் சொல்லவில்லை. ஓவர்டைம் என்றது பொய். என் ஆணைகள் மூன்றும் செல்லாது. அரியணை எனக்கு வேண்டாம்.

செல்வா மெல்லுவதை நிறுத்தினான். அவன் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"எதுக்கு வர முடியலன்னான்?" என்று தீபன் கேட்டான்.

"அத நான் சொல்ல முடியாது. அவன் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டான்."

தீபன் முகம் வெளுத்துவிட்டது. "நான் அவன்கிட்ட செத்துட்டீங்கன்னு சொன்னேனே. கத்திச் சொன்னேனே லோஷினி." என் பாவத்தில் பாதியை அவன் தலையில் கட்டியிருக்கிறேன். அவனுக்குக் காரணம்கூடத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆவான்?

பிறகு அவனே, "சரி விடு, வெளையாட்டுதானே" என்றான்.

ரூபினி விடவில்லை. "வெளையாட்டுன்னா ஏங்க்கா மறைச்சீங்க? வெளையாட்டுல தோத்துருக்கலாமே. நாங்க எத்தன தடவ தோத்துருக்கோம்."

கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தேன். படியில் காலணியை மாற்றிப் போட்டுக்கொண்டு கார் வரைக்கும் நடந்திருக்கிறேன்.

மே 11, ஞாயிறு

போகவில்லை.

மே 25, ஞாயிறு

போகவில்லை. ரூபினி குரல் செய்தி அனுப்பியிருந்தாள். என்னைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டாளாம், ஆனால் நாட்டு நிலவரம் எனக்குத் தெரிய வேண்டுமாம்.

பேரரசர் இல்லாமல் ஒர்வாக் ஓடுகிறது. முதலில் தீபன் குழிச் சண்டையைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தான். யாருக்கும் இறங்க மனம் வரவில்லை. இரண்டு கோள்கள் கலகம் செய்து பிரிந்துவிட்டன. பிறகு செல்வா, பதினொரு வருடத்தில் ஒரு யோசனையும் சொல்லாத செல்வா, "மூணு கொலமும் சேந்து ஆளட்டும், நாக்காலி காலியாவே இருக்கட்டும்" என்றானாம். அப்படியே சட்டமாகிவிட்டது. பேர் கூப்பிடும் வேலை மட்டும் முறை வைத்து. பெரட்டைத் திரும்பக் கொண்டு வந்துவிட்டார்கள்.

அப்படியென்றால் என் பெயரையும் கூப்பிடுகிறார்கள். இரண்டு தடவை கூப்பிட்டு, இரண்டு தடவையும் யாரும் பேசவில்லை என்று ரூபினி சொன்னாள். "நான் சொல்லிருக்கலாம்க்கா. வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. ஒங்க மேல கோவம்." அவளாவது உள்ளதைச் சொல்கிறாள்.

அடுத்தது மூன்றாவது. என் சட்டம் என்மேலேயே விழட்டும். ரொம்பச் சரி.

ஜூன் 8, ஞாயிறு

மத்தியானம் முழுக்க வீட்டில் ஜன்னல் துடைத்தேன். துடைத்த ஜன்னலையே மறுபடி துடைத்ததைப் பார்த்துவிட்டு அம்மா, "ஒனக்கு என்னா சூசா, என்னா கஷ்டம் இப்போ?" என்றார்.

ஆறு மணிக்கு ரூபினி கூப்பிட்டாள்.

"எல்வின் அண்ணன் வந்தாரு" என்றாள். முக்காலியில் உட்கார்ந்தானாம். யாரும் எதுவும் கேட்கவில்லை. தீபன் தே தாரிக் வாங்கி வந்து அவன் முன்னால் வைத்துவிட்டு அப்படியே நின்றானாம்.

"பேரு கூப்டோம். ஒங்க பேரு வந்துச்சு. தீபன் அண்ணன் என்னப் பாத்தாரு, நான் செல்வாவப் பாத்தேன். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எல்வின் அண்ணன் சொல்லிட்டாரு."

"என்னா சொன்னான்?"

"வர முடியல, பேரு இருக்கட்டும். அவ்ளதான். அதுக்கப்பறம் ஆட்டம் முடியற வரைக்கும் ஒங்களப் பத்தி ஒரு வார்த்த பேசல. நான் கேட்டதுக்கும் பதில் சொல்லல."

அவன் மன்னித்ததாக நான் எடுத்துக்கொள்ளக் கூடாது. தெரிந்தவன் சொல்ல வேண்டும், சொன்னான். நான் செய்யாததை எனக்கே செய்து காட்டிவிட்டான். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூன் 22, ஞாயிறு

போனேன்.

சுழல் நாற்காலி மேசைத் தலைமாட்டில் காலியாக இருந்தது. அதன்மேல் யாரும் பைகூட வைக்கவில்லை. படிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து மூன்று கோள்தான் தெரியும். தீபன் தலையசைத்தான். செல்வா பொட்டலத்தை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினான்.

இன்று பேர் கூப்பிடுவது எல்வின் முறை. எழுந்து நின்று, மனப்பாடமாக, யாரையும் பார்க்காமல் கூப்பிட்டான். தீபன். ரூபினி. செல்வா. ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்றார்கள். லோஷினி என்று கூப்பிட்டபோதும் அவன் வரைபடத்தைத்தான் பார்த்தான். "இருக்கேன்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

தன் பெயரைச் சொல்லித் தானே "இருக்கேன்" என்றான். பெரட்டு அதோடு முடிய வேண்டும். தீபன் பகடையைக் கையில் எடுத்துவிட்டான்.

எல்வின் உட்காரவில்லை. இன்னொரு பெயர் கூப்பிட்டான்.

"மிரியம்."

தீபன் ரூபினியைப் பார்த்தான். ரூபினி செல்வாவைப் பார்த்தாள். அப்படி ஒரு பெயர் எந்தக் குலத்திலும் இல்லை. யாருக்கும் எதுவும் புரியவில்லை. எல்வின் வரைபடத்தைப் பார்த்தபடி காத்திருந்தான். அவன் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

நான் எழுந்து நின்றேன்.

"வர முடியல" என்றேன். "பேரு இருக்கட்டும்."

எல்வின் என்னை நிமிர்ந்து பார்த்தான், ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாக. கண் நிறைந்திருந்தது.

"சரி. பேரு இருக்கு" என்றான். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.